அணைக்க முடியாத பெட்டி

வண்டியின் கைப்பிடியை இரண்டு கைகளாலும் பிடித்தபடி மாரியப்பன் நின்றுகொண்டிருந்தான். தூரத்திலிருந்து பார்த்தால் அவன் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பது போலத்தான் இருந்தது. கிட்டே போனபோதுதான் வண்டியின் முன்பக்கம் சாக்கடைக்குள் இறங்கியிருப்பதைப் பார்த்தேன். அவனுடைய வலது பாதம் வண்டிக்கும் உடைந்த கான்கிரீட்டுக்கும் நடுவே எங்கேயோ இருந்தது.

அதைப் பார்ப்பதற்கு முன்பே வாடை வந்துவிட்டது. ஊசி போடும் முன் டாக்டர் பஞ்சில் தொட்டுத் தடவுவாரே, அந்த வாடை. பஞ்சளவு அல்ல, ஒரு பீப்பாய் அளவு.

“ஓடியாராதல,” என்றான் மாரியப்பன். “மெள்ள வா. தரை அதிர்ந்தா வண்டி ஆடுது. வண்டி ஆடுனா பின்னால டிக்குங்கு.”

நான் நின்றுவிட்டேன். அவன் பேச்சை நிறுத்தியதும் எனக்கும் கேட்டது. பல்லி சொல்வது போல ஒரு சின்னச் சத்தம்.

புகையும் இல்லை, சத்தமும் இல்லை

போன வாரம், தாராவியிலிருந்து செம்பூர்க் கம்பெனி ஒன்றின் பாட்டரி அறைக்கு நான் போய்ச் சேர்ந்த கதையை எழுதியிருந்தேன். காட்கோபரிலிருந்து ஒரு வாசகர், அந்தக் காலத்தில் பம்பாயில் பாட்டரியில் ஓடும் வண்டி எங்கே இருந்தது என்று கார்டு போட்டுக் கேட்டிருக்கிறார். கேட்க வேண்டிய கேள்விதான். தெருவில் இல்லை. காம்பவுண்டுச் சுவருக்குள்தான் இருந்தது.

எங்கள் கம்பெனியில் மருந்துக்கான சரக்குகள் செய்தார்கள். ஸ்பிரிட் பீப்பாய்கள் அடுக்கிய கிடங்குக்குள் எஞ்சின் வண்டியை விடமாட்டார்கள். அதனால் பாட்டரி வண்டி. நாலு சின்னச் சக்கரத்தின் மேல் ஒரு இரும்புத் தட்டு. முன்னால் ஓட்டுகிறவன் நிற்க ஒரு மிதிபலகை. தட்டின் பின்பாதியில், ஒரு மூடிக்குக் கீழே, வரிசையாக நாலு பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியிலும் ஆறு செல். ஒரு பெட்டியை இன்னொரு பெட்டியோடு தடித்த கேபிளால் பிணைத்திருக்கும். நாலும் சேர்ந்ததுதான் பாட்டரி.

முதன்முதலில் அந்த வண்டியைப் பார்த்த அன்று, அது இரண்டு பீப்பாய்களைச் சுமந்துகொண்டு சரிவில் ஏறிக்கொண்டிருந்தது. தேன்கூட்டின் பக்கத்தில் நின்றால் கேட்கும் ரீங்காரம், அவ்வளவுதான் ஓசை. பின்னால் யாரோ தள்ளுகிறார்கள் என்று நினைத்துச் சுற்றிப் போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை. யாரிடமும் கேட்கக் கூச்சமாக இருந்தது. அன்று முழுக்க அந்த வண்டி போகும் வழியெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு போய் நின்றேன்.

எங்கள் வீட்டில் அப்போது கரண்டு கிடையாது. மண்ணெண்ணெய்க்குக் கியூவில் நிற்பதுதான் எங்களுக்கு வெளிச்சம். பகலெல்லாம் நான் செல்லுக்குத் தண்ணீர் ஊற்றுகிற பெட்டிக்குள் ஒரு டன் சுமையைத் தூக்கிப் போகிற பலம் சும்மா உட்கார்ந்திருந்தது. தொட்டால்கூட ஒன்றும் செய்யாது. லேசாகச் சூடு, லேசாக ஒரு முணுமுணுப்பு, புளித்த வாடை.

“எல்லா மிஷினையும் அணைக்கலாம் சண்முகம்,” என்று சேஷன் சார் ஒருமுறை சொன்னார். அவர்தான் எங்கள் ஷிப்டு எஞ்சினியர். மாட்டுங்காக்காரர், பூர்வீகம் பாலக்காடு. “சுவிட்சை அணைச்சா வண்டிதான் நிக்கும். பெட்டி நிக்காது. அது எப்பவும் முழிச்சிண்டே இருக்கும்.”

கதவோர மரப்பெட்டி

பாட்டரி அறைக்குள் நுழையும் இடத்தில் ஒரு மரப்பெட்டி இருந்தது. உள்ளே வருகிறவர்கள் உடம்பில் இருக்கிற உலோகத்தையெல்லாம் அதில் போட வேண்டும். மோதிரம், வாட்சு, தாயத்து, சட்டைப்பையில் இருக்கிற சில்லறை எல்லாம்.

ஏன் என்று கேட்கவே வேண்டாம். சுவரில் ஆணியடித்து ஒரு ஸ்பானரைத் தொங்கவிட்டிருந்தார்கள். எனக்கு முன்பு வேலை பார்த்த ஒருவர் கை நழுவி, அது இரண்டு முனைகளுக்கு நடுவே விழுந்ததாம். நடுவில் ஒரு துண்டைக் காணோம். கடித்து வைத்த வெள்ளரிக்காய் போல இருக்கும். இரும்பைக் கடித்தது எதுவோ அது இந்த அறைக்குள்தான் இருக்கிறது என்று, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

சேஷன் சார் வீட்டு அலமாரிச் சாவியைப் பூணூலில் முடிந்து வைத்திருப்பார். தினமும் கதவோரம் நின்று, சட்டைக்குள் கைவிட்டு, தோளை ஒரு பக்கமாகச் சாய்த்து அதை அவிழ்ப்பார். கதம் என்ற பிட்டர் அதற்காகவே காத்திருப்பான். மராத்திக்காரன், சதாரா பக்கம். “சாஹேப், திஜோரி உகட்லீ கா?” என்பான். இரும்புப் பெட்டியைத் திறந்தாச்சா என்று. சாரும் தினமும் சிரிப்பார்.

நான் அந்த மரப்பெட்டியில் ஒன்றும் போட்டதில்லை. என்னிடம் வாட்சு இல்லை, மோதிரம் இல்லை.

ஆனால் இடுப்பில் வெள்ளி அரைஞாண் இருந்தது.

கல்யாணமான இரண்டாம் வருஷம் எனக்கு டைபாய்டு வந்து, பிழைப்பேனா என்று ஆகிவிட்டது. எழுந்து உட்கார்ந்த அன்று என் மனைவி பேச்சி தன் கொலுசைக் கழற்றி, அழித்து, எனக்கு அரைஞாண் செய்து போட்டாள். எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளையின் இடுப்பு ஒரு நொடிகூட வெறுமையாக இருக்கக் கூடாது. கயிறு நைந்துபோனால்கூடப் புதியதைக் கட்டிய பிறகுதான் பழையதை அறுப்பார்கள். கட்டாமலே அறுப்பது பிணத்துக்கு மட்டும்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. நாலு பேர் முன்னால் சட்டையைத் தூக்கி இடுப்பைக் காட்டக் கூச்சம். சட்டைக்கு மேல் ரப்பர் ஏப்ரன் போட்டுக்கொண்டு நின்றபடிதானே வேலை செய்கிறோம், அது என்ன செய்துவிடப் போகிறது என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லி வைத்திருந்தேன். மூன்று வருஷம் ஒன்றும் ஆகவில்லை.

மூன்றாவது பெட்டி

அன்று சேஷன் சார் வந்து, சாக்கடையில் இறங்கிய வண்டிக்கு ஐந்தடி தள்ளி நின்று, ஒரு நிமிஷம் பார்த்தார். நடந்தது இதுதான். கிடங்குக்குள் சாக்கடையின் மேல் போட்டிருந்த கான்கிரீட் பலகை முன்சக்கரத்தின் கீழ் உடைந்துவிட்டது. தட்டில் இருந்த பீப்பாய் உருண்டு விழுந்து அடைப்பு திறந்துகொண்டது. கதம் பீப்பாயை வெளியே உருட்டிவிட்டு, தரையில் தண்ணீர் அடித்து மணலும் போட்டுவிட்டான். ஆனால் சாக்கடைக்குள் போனது போனதுதான்.

“ஸ்பிரிட் ஆவி காத்தைவிடக் கனம்,” என்றார் சார். “பள்ளத்திலேதான் போய் உக்காரும்.”

அந்தப் பள்ளத்தில்தான் மாரியப்பனின் கால் இருந்தது.

கதம் ஜாக்கைத் தூக்கிக்கொண்டு வந்தான். “ஜாக் லாவூ கா, சாஹேப்?” ஜாக் வைக்கட்டுமா என்று.

“தாம்ப்,” என்றார் சார். பொறு. பிறகு எங்களுக்கும் சொன்னார். பாட்டரியின் மூடி பெயர்ந்து, மூன்றாவது பெட்டி நகர்ந்து, அதன் முனை வண்டியின் இரும்புச் சட்டத்தில் இடிக்கிறது. செல்லிலிருந்து ஆசிட் சிந்திச் சட்டமெல்லாம் ஈரம். வண்டி ஆடும்போதெல்லாம் அங்கே ஒரு பொறி. ஜாக் வைத்துத் தூக்கினால் வண்டி இன்னும் ஆடும், பொறி பெரிதாகும். ஒரு பொறி பள்ளத்துக்குள் விழுந்தால் மாரியப்பனை நாம் எடுக்க வேண்டியதே இல்லை.

“மோட்டாருக்குப் போற பிளக்கைப் பிடுங்கிடலாமே சார்?” என்றேன்.

“பிளக் முன்னாலே இருக்கு. மிதிபலகையோட சேர்ந்து நசுங்கிக் கிடக்கு. பிடுங்கினாலும் பெட்டிகள் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்துதானே இருக்கும்? மூணாவது பெட்டியை ரெண்டு பக்கமும் பிரிச்சுத் தனியாக்கணும். அப்புறம்தான் ஜாக்.”

பெட்டிக்கும் கிடங்குச் சுவருக்கும் நடுவே ஒரு முழம்கூட இடமில்லை. சார் பக்கவாட்டாக நுழைந்து பார்த்தார். வயிறு விடவில்லை. “மாட்டுங்காவிலே நெய்யை ஊத்திச் சாப்பிட்டது இப்போ தெரியறது,” என்று முணுமுணுத்துக்கொண்டே பின்வாங்கினார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

நான் ஒல்லி. வண்டியின் மேல் குப்புறப் படுத்தால் எனக்குக் கை எட்டும்.

“முடியுமா சண்முகம்?”

தலையாட்டினேன்.

“உடம்பிலே இரும்பு, பித்தளை, வெள்ளி ஒண்ணும் இல்லையே?”

அதற்கும் தலையாட்டினேன், இல்லை என்று. பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. வெளியே பத்துப் பேர் கூடி நின்றார்கள். என் தலை அப்படித்தான் ஆடியது.

வெள்ளை நாடா

ரப்பர் ஏப்ரன் போட்டுக்கொண்டு ஏறினேன். அது மூடியின் விளிம்பில் மாட்டிச் சுருண்டது. இழுத்தால் வண்டி ஆடும். மெதுவாகக் கழற்றிக் கீழே கொடுத்தேன். இப்போது எனக்கும் செல்களுக்கும் நடுவே இருந்தது ஒரு பருத்திச் சட்டை. அதிலும் ஆசிட் தெறித்துச் சல்லடையாகப் போன சட்டை. படுக்கப் போனேன்.

“ஏல சம்முவம்.” மாரியப்பன் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். “ஒன் வெள்ளி எங்க?”

என் கை தானாக இடுப்புக்குப் போனது.

“எந்த வெள்ளி?” என்றார் சார்.

“அரணாக்கொடி சார். அவன் பொண்டாட்டி போட்டுவிட்டது. தெனமும் கொழாயடில பாக்கம்லா.”

தாராவியில் ஒரே குழாயில்தான் இருவரும் குளிப்போம். அவனுக்குத் தெரியாமல் இருக்குமா? காது மடலெல்லாம் எனக்குக் கொதித்தது. சார் கத்துவார் என்று நினைத்தேன். “இறங்கு,” என்று மட்டும் சொன்னார்.

இறங்கினேன்.

“கழட்டு.”

சட்டையைத் தூக்கினேன். கொக்கியில் கை வைத்தேன். கை அதற்கு மேல் போகவில்லை.

“ஏல, கழத்து,” என்றான் மாரியப்பன். “இங்க என் காலு செத்துக்கிட்டுக் கெடக்கு.”

“வெறும் இடுப்பா...” என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது. எனக்கு உயிர்ப்பயம் என்று அவர்கள் நினைத்திருக்கலாம். அந்தப் பெட்டியின் மேல் படுக்க எனக்குப் பயம் இல்லை. வெறும் இடுப்போடு படுக்கத்தான் பயம்.

சேஷன் சார் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு கருவிப்பெட்டியைத் திறந்து, மோட்டாருக்குச் சுற்றுகிற வெள்ளைப் பருத்தி நாடாவில் இரண்டு முழம் அறுத்தார். “கையைத் தூக்கு,” என்றார். என் கையில் ரப்பர் உறை இருந்தது. அவரே குனிந்து, இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து, இழுத்து முடிந்தார். மூன்று வருஷத்தில் அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

“புதுசு ஏறியாச்சு. இனிமே பழசை எடு,” என்றார். “பூணூல் மாத்தறப்போ எங்களுக்கும் இதே முறைதான்.”

வெள்ளியைக் கழற்றினேன். கதம் அதைக் கைக்குட்டையில் சுற்றி, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான். அன்று அவன் ஒரு கேலியும் பேசவில்லை.

இரண்டு நட்டு

வேலை என்று சொன்னால் இவ்வளவுதான்: மூன்றாவது பெட்டியின் இந்த முனையில் ஒரு நட்டு, அந்த முனையில் ஒரு நட்டு. இரண்டையும் கழற்றிக் கேபிளை எடுத்துவிட்டால் அது தனிப்பெட்டி. இத்தனை வருஷத்துக்குப் பிறகு எழுதும்போது ஒரு வரியில் முடிந்துவிடுகிறது.

ஸ்பானரின் வாயை மட்டும் விட்டு, மீதி முழுக்க நாடா சுற்றியிருந்தது. நழுவி விழாமல் இருக்க, அதை என் மணிக்கட்டோடு சேர்த்துக் கட்டினார் சார். எனக்குத் தேவையில்லாத செல்களின் மேல் ரப்பர் விரிப்பைப் போட்டார். கதம் ஒரு அட்டையால், செல்லிலிருந்து வரும் வாயு தங்காமல் விசிறிக்கொண்டே இருந்தான். நான் மூச்சை அடக்கிப் படுத்தேன்.

காலையில்தான் சார்ஜ் ஏற்றிய பாட்டரி. என் வயிற்றுக்குக் கீழே அது வெதுவெதுப்பாக இருந்தது. காதை வைத்ததால் கேட்டது: உள்ளே குமிழிகள் ஒவ்வொன்றாக உடைந்தன. தூங்குகிற மாட்டின் மேல் சாய்ந்தால் அதன் வயிற்றுக்குள் ஏதோ நடப்பது தெரியுமே, அப்படி. இது எனக்கு விரோதி இல்லை என்று தோன்றியது. எனக்கு வேண்டப்பட்டதும் இல்லை. நான் இருப்பதே அதற்குத் தெரியாது. அந்த நினைப்பில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

நட்டின் மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. ஸ்பானர் பிடித்தது. முதலில் அசையவில்லை.

“மெள்ளப் பண்ணு,” என்றான் மாரியப்பன். “எனக்கு ஒரு சோலியும் இல்ல.”

யாரோ சிரித்தார்கள். என் கை அந்தச் சிரிப்பில் கொஞ்சம் தளர்ந்தது. நட்டு கால் சுற்று வந்தது. பிறகு அரை. கேபிளை நேராக மேலே தூக்கினேன், பக்கத்தில் எதையும் உரசாமல். அதன் தலைக்கு ஒரு ரப்பர் பையை மாட்டி, நாடாவால் கட்டினேன்.

இரண்டாவது நட்டு சுவர்ப்பக்கம். கண்ணுக்குத் தெரியாது. விரலால் தேடினேன். ஒவ்வொரு தடவை நான் நகரும்போதும் கீழே டிக் என்றது. ஒவ்வொரு டிக்குக்கும் வெளியே நின்றவர்கள் மூச்சு நின்றது எனக்குக் கேட்டது. ஸ்பானரை மாட்டினேன், நழுவியது, மறுபடி மாட்டினேன். எத்தனை நேரம் என்று தெரியாது. வியர்வை மூக்கு நுனியிலிருந்து செல்லின் மூடிமேல் சொட்டியது.

நட்டு கழன்றது. கேபிளைத் தூக்கியபோது வண்டி தானாகவே கொஞ்சம் ஆடியது.

டிக் இல்லை.

சார் மீட்டரை எடுத்துச் சட்டத்தில் ஒரு கம்பியும், மற்றப் பெட்டிகளின் முனைகளில் ஒவ்வொன்றாக இன்னொரு கம்பியும் வைத்துப் பார்த்தார். முள் எழவில்லை. மூன்றாவது பெட்டிக்கும் சட்டத்துக்கும் நடுவே காய்ந்த மரப்பலகையும் ரப்பரும் செருகச் சொன்னார். செருகினேன்.

“செத்துப் போச்சா சார்?” என்றான் மாரியப்பன்.

“இல்லேப்பா. அது சாகாது. தனியா உக்கார வெச்சிருக்கோம், அவ்வளவுதான்.” பிறகு கதமைப் பார்த்தார். “ஆதா லாவ்.” இப்போது வை.

ஜாக் ஏறியது. வண்டி முனகியது. மாரியப்பன் காலை உருவிக்கொண்டு, அப்போதுதான் முதன்முறையாகத் தரையில் உட்கார்ந்தான். பூட்சு கிழிந்திருந்தது. உள்ளே இரண்டு விரல்கள் தேறாது என்று பார்த்ததுமே தெரிந்தது. ஜீப்பில் தூக்கி வைத்தபோதுதான் அவன் அழுதான்.

பேச்சி கேட்டது

சாயங்காலம் சயானில் பஸ்ஸை விட்டிறங்கி வீட்டுக்குப் போனேன். ரேஷனில் மைலோ என்கிற அமெரிக்கச் சோளம் போட்ட காலம் அது. பேச்சி அந்தச் சிவப்பு மாவைப் பிசைந்துகொண்டிருந்தாள். சட்டையைக் கழற்றியதும் அவள் கை நின்றது.

வெள்ளியை எடுத்து முன்னால் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். சொல்லி முடித்ததும், “இதக் கெட்டுன பொறவுதான அதக் கழத்துனிய?” என்றாள்.

“ஆமா.”

“யாரு கெட்டுனா?”

“சேஷன் சார்.”

“ஐயரா?” மாவுக் கையோடு எழுந்து வந்து, குனிந்து, முடிச்சை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். “நல்லாத்தான் கெட்டியிருக்காரு,” என்றாள். பிறகு போய் மாவைப் பிசைந்தாள்.

வெள்ளிக்கிழமை கறுப்புக் கயிறு வாங்கிவந்து கட்டிவிட்டாள். வெள்ளி அரைஞாண் டிரங்குப் பெட்டிக்குள் போனது.

பட்டப்பகலில்

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, டாக்டர் சர்ட்டிபிகேட்டைக் கொடுப்பதற்காக மாரியப்பன் கோலை ஊன்றிக்கொண்டு கம்பெனிக்கு வந்தான். காலில் பெரிய கட்டு. பாட்டரி அறைப் பக்கம் வரமாட்டேன் என்றவனை, நான் இருக்கிறேன் என்று கூட்டிவந்தேன்.

அன்று அந்த மூன்றாவது பெட்டியைக் கழிக்கிற நாள். ஒரு செல் விரிசல் விட்டிருந்ததால் அது இனி வண்டிக்கு ஆகாது. பழைய சாமான் கடைக்குப் போடும் முன் உள்ளே இருக்கிற கரண்டைக் காலி செய்ய வேண்டும். திறந்தவெளியில் வைத்து, எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னார் சேஷன் சார். மரப்பிடி போட்ட இடுக்கியால் ஒரு இரும்புக் கம்பியை, விரல் தடிமன் இருக்கும், இரண்டு முனைகளின் மேலும் வைத்தார்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கம்பியிலிருந்து லேசாகப் புகை. நடுவில் கருஞ்சிவப்பு. நல்ல வெயில், பட்டப்பகல், ஆனாலும் அந்தச் சிவப்பு தெரிந்தது. சிவப்பு ஆரஞ்சாகி, மஞ்சளாகி, கண் கூசுகிற வெள்ளையானது. கம்பி நடுவில் தொய்ந்தது. தேன் சொட்டுவது போல ஒரு சொட்டு இறங்கியது. தரையில் விழுந்த இடம் கொஞ்ச நேரம் எரிந்தது.

பெட்டி எப்போதும் போல முணுமுணுத்தது. சார் அடுத்த கம்பியை எடுத்தார். ஒரே ஒரு பெட்டி. அன்று எனக்குக் கீழே நாலு பெட்டிகள் இருந்தன.

மாரியப்பன் தரையில் கிடந்த அந்த இரும்புச் சொட்டு கறுத்து அணைகிற வரைக்கும் பார்த்தான்.

“ஏல, இதும் மேலயா படுத்திருந்த?”

“ஆமா.”

அவன் கோலை இடது கைக்கு மாற்றிக்கொண்டான். வலது கையை நீட்டி, காய்ச்சல் இருக்கிறதா என்று குழந்தையைத் தொட்டுப் பார்ப்பது போல, என் சட்டைக்கு மேல் வயிற்றில் உள்ளங்கையை வைத்தான். எடுக்கவில்லை. கதம் பார்த்தான், சார் பார்த்தார், கிடங்கு ஆட்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள்.

நாலு பேர் பார்த்தால் நகர்ந்துவிடுகிற ஆள் நான். அன்று நகரவில்லை.